மலைமேல் இருப்பவள்

மூங்கிலின் குறுக்கே மூன்றாவது கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போது வீட்டுக்குள்ளிருந்து அக்காளின் குரல் வந்தது.

"டேய் கோவிந்தா, பாடை கட்டறத நிறுத்து."

கோவிந்தசாமி பாதி முடிச்சைப் பிடித்தபடியே நின்றான். கூட இருந்த இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. மலைக்காய்ச்சலில் எட்டு நாள் கிடந்த உடம்பு, உச்சிவேளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று தெருவே பேசி முடித்தாயிற்று. மேளக்காரனுக்குச் சொல்லியாயிற்று. பாலாற்றங்கரையில் விறகு அடுக்க ஆளும் போயாயிற்று. இப்போது வந்து நிறுத்து என்றால் எப்படி?

உள்ளே போனான். அக்காள் புருஷன் சம்பந்தம் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கங்கம்மாள். அழவில்லை. இடது காலை வழக்கம்போல் மடக்கிப் புடவைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதில் வீங்க ஆரம்பித்த யானைக்கால் அது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அவள் அதைப் புடவைக்கு வெளியே விட்டு யாரும் பார்த்ததில்லை.

அவள் கையில் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பி இருந்தது. செத்தவரின் இடுப்பிலிருந்து எடுத்தது.

"உங்க மாமா வெத்தலை போடுவாரா?" என்று கேட்டாள்.

"இல்லியே."

"அப்புறம் எதுக்கு இடுப்புல சுண்ணாம்பு? மூணு வருஷமா பார்த்துக்கினுதான் இருக்கேன். மலைக்குப் போறப்ப ரொப்பிக்கினு போவாரு. வர்றப்ப காலியா வரும். வெத்தலை போடறவ ஒருத்தி அங்க இருக்கா. போய் அவள இட்டுக்கினு வா."

கோவிந்தசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தின் முன்னால் சிரிப்பு வந்ததே என்று உடனே கூச்சமும் வந்தது. ஆனால் அக்காள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. சம்பந்தம் தோல் கிடங்குக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை கொண்டுவருகிறவர். தெற்கு மலையில் ஆள் வைத்து வெட்டி, உரித்து, கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி அனுப்புவார். இரண்டு நாள் வேலைக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். மூன்றாவது நாள் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே காய்ச்சல் அவர் வாயைத் திறந்துவிட்டது. "அவ மலைமேலதான் நிக்கிறா. கையப் புடிச்சிக்கினு நிக்கிறா. மழை வந்தா போய்டுவா. ஆராச்சும் போய்ப் பாருங்க." கடைசி மூன்று நாளும் இதே பேச்சுத்தான். கோவிந்தசாமி விசிறிக்கொண்டே கேட்டான். அக்காள் கஞ்சி ஆற்றிக்கொண்டே கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அக்கா, காய்ச்சல்ல ஆயிரம் பேசுவாங்க."

"அவளுக்கும் பாத்யதை இருக்குது. வந்து வாய்க்கரிசி போடட்டும். நான் ஒண்ணும் சண்டை போடமாட்டேன்." கங்கம்மாள் டப்பியை மூடினாள். "ரெண்டு காலும் ஒழுங்கா இருக்கிறவ எப்படி இருப்பான்னு ஒரு தபா பார்க்கணும். அவ்ளோதான். அது வரைக்கும் இவர எடுக்க வுடமாட்டேன்."

நாட்டாண்மை வந்து ஓர் அதட்டல் போட்டால் சரியாகிவிடும் என்று வெளியே போய்ச் சொன்னான். நாட்டாண்மையோ தாடியைச் சொறிந்துகொண்டு, "அதுவும் சரிதான்" என்று அவன் தலையில் கல்லைப் போட்டார்.

"சம்பந்தத்துக்குப் பங்காளின்னு ஆரு இருக்கா? கொள்ளிச்சட்டி தூக்க ஒரு ஆளில்ல. மேல ஒரு பையன் இருந்தான்னா அவனுக்குத்தான் உரிமை. நாளைக்கு அவன் வந்து, எங்கப்பனுக்கு நீங்க எப்படிடா கொள்ளி வெச்சீங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ஓடு. பொழுது சாயறதுக்குள்ள இட்டுக்கினு வா."

பங்காளி இல்லை என்பது உண்மைதான். தாது வருஷப் பஞ்சத்தில் எங்கிருந்தோ நடந்து வந்த கூட்டத்தில் மிஞ்சியவர் சம்பந்தம். அப்போது ஐந்து வயது இருக்கலாம். அப்பன், அம்மா, அண்ணன்மார், முன்னால் ஓடிய ஒரு நாய், எல்லாரும் வரிசையாக நடந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. கிளம்பிய ஊரின் பேர் ஞாபகம் இல்லை. ஆம்பூர் ரயில் ரோட்டோரம் தனியாகக் கிடந்த பிள்ளையைத் தோல் கிடங்குக்காரர்கள் எடுத்துக் கஞ்சி ஊற்றினார்கள். வளர்ந்து பெண் கேட்டபோது, யாரும் கேட்டு வராத கங்கம்மாளைக் கொடுத்தார்கள். ஊர் இல்லாதவனுக்குக் கால் இல்லாதவள் கிடைத்தாள் என்று பந்தியில் யாரோ சொன்னது மணப்பெண் காதில் விழுந்தது. முப்பது வருஷம் ஆகியும் அவள் அதை மறக்கவில்லை. பிள்ளையும் இல்லை.

தெருமுனையில் கிடங்கின் பட்டை மேஸ்திரி அப்துல் வஹீத் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கோவிந்தசாமி, மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். அவரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன்தான். இன்று அவரை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டான்.

"பொம்பளையா?" என்றார் அவர். "முப்பது வருஷ தோஸ்த்துப்பா. அப்படி ஒருத்தி இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பானா?" கொஞ்சம் யோசித்தார். "சொல்லாமயும் இருப்பான். பட்டை வண்டி நிக்கிற புளியமரம் தெரியுமில்ல? அங்கேருந்து இடது பக்கம் ஒத்தையடிப் பாதை. அதுல தனியா ஏறிப் போவான். நான் கூப்பிட்டா காது கேக்காத மாதிரி போய்க்கினே இருப்பான்."

இப்படியாக, மாமன் செத்த அன்று காலை, மாமனின் வைப்பாட்டியை அழைத்துவரக் கோவிந்தசாமி மலை ஏறினான். ஐப்பசி மாதம். தெற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. வழி நெடுக அவன் பேச்சைத் தயார் செய்தான். முதலில் என்னவென்று கூப்பிடுவது? அக்காளின் சக்களத்தி அவனுக்கு அக்காளா? அப்படிக் கூப்பிட்டது தெரிந்தால் கூடப்பிறந்தவள் அவனை உயிரோடு விடுவாளா? பையன் இருந்தால் அவன் தன்னை மாமா என்பானா, யார் நீ என்பானா? அவளிடம், 'உன் வீட்டுக்காரர்' என்று சொல்வதா, 'எங்க மாமா' என்று சொல்வதா? ஒவ்வொரு வாக்கியமும் வாயில் கோணிக்கொண்டு நின்றது. நடுநடுவே மாமன்மேல் ஆத்திரம் வந்தது. பண்டிகைக்கு ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்ட மனிதர். தன்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

பாதி மலையில், விறகுக்கட்டோடு இறங்கி வந்த மலைக்காரப் பெண்ணொருத்தி எதிர்ப்பட்டாள்.

"பட்டைக்காரரு சம்பந்தம், அவரு வூட்டு ஆளுங்க இங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

அவள் கட்டை இறக்காமலே மேலே கை காட்டினாள். "அவரு ஆளுங்களா? தொங்குபாறைக்கு அடியில. எல்லாரும் அங்கதான்."

"எல்லாரும்னா? எத்தினி பேரு?"

"நான் எண்ணல. பத்துக்கு மேல இருக்கும்."

"பத்தா? பொம்பளைங்க?"

"பொம்பளை, புள்ளை, நாயி எல்லாந்தான். அவருதான் ஒவ்வொண்ணா காட்டுவாரு. ஏன், அவரு வரலியா?"

கோவிந்தசாமி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஏறினான். மூன்று வருஷத்தில் பத்துப் பேர் எப்படி வருவார்கள்? அப்படியானால் இது மூன்று வருஷத்துச் சமாசாரம் இல்லை. அதற்கும் முந்தியது. கங்கம்மாளுக்கும் முந்தியதோ? அப்போது அக்காள்தான் இளையாளா? இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? திரும்பி இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

தொங்குபாறை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அடியில் ஒரு வண்டியை அவிழ்த்து நிறுத்தும் அளவுக்கு நிழல். "ஆரு வூட்ல?" என்று குரல் கொடுத்தான். கூப்பிட்ட பிறகுதான் வீடே இல்லை என்பது உறைத்தது. கோணிச்சாக்கு ஒன்று மடித்துக் கிடந்தது. தண்ணீர்ப் பானை, அணைந்த பீடித் துண்டுகள், ஒரு கொட்டாங்குச்சியில் காய்ந்த சுண்ணாம்பு, நுனியை மென்ற வேப்பங்குச்சி. அடுப்பு இல்லை. கொடியில் ஒரு துணி இல்லை. பத்துப் பேர் அடுப்பில்லாமல் எதைத் தின்றார்கள்? மாமன் செத்த செய்தி அவனுக்கு முன்னால் வந்து, எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்களா?

வரட்டும் என்று சாக்கின்மேல் உட்கார்ந்தான். எதிரே பாறைச் சுவர். அதில் வெள்ளையாக என்னவோ கிறுக்கியிருந்தது. பிள்ளைகள் இருப்பது நிச்சயம் என்று தோன்றியது. வெள்ளைச் சுவரில் கரியாலும் கறுப்புச் சுவரில் சுண்ணாம்பாலும் கிறுக்காத பிள்ளை எங்கே இருக்கிறது? கண் நிழலுக்குப் பழகப் பழக, அது பிள்ளைகள் வேலையாகத் தெரியவில்லை.

சாண் உயர மனிதர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். உடம்புக்கு ஒரு கோடு, கைக்குக் கோடு, காலுக்குக் கோடு. ஆனாலும் நடக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. முன்னால் வால் தூக்கிய நாய். அதன் பின்னால் கோல் பிடித்தவன். இரண்டு பேர் தோளில் ஒரு கழி, நடுவே கால் கட்டித் தொங்கும் மான். தலையில் மூட்டையோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. அதற்குப் பின்னாலும் ஆட்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. ஏர் இல்லை, வண்டி இல்லை, பானை இல்லை. வீடு தேடி வந்தவன் சுவர் முழுக்கத் தேடியும் ஒரு வீடு கண்ணில் படவில்லை. இருப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிற ஜனங்கள்.

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். வரவில்லை. வெள்ளை பாறைக்குள் இறங்கியிருந்தது. அதன்மேல் பாலாடை படர்ந்தாற்போல் மெல்லிசாகக் கல் மூடியிருந்தது.

அப்போதுதான் மாமன் என்றோ சொன்னது அரைகுறையாக ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லைப் பார்த்துக் குறிப்பெழுதுகிற துரை ஒருவர் வந்து மலைக்கு வழி காட்ட ஆள் கேட்டார். சம்பந்தம்தான் போனார். வந்த அன்று கிடங்கில் நின்றுகொண்டு, குழிக்குள் தோலைப் புரட்டிக்கொண்டிருந்த கோவிந்தசாமியிடம் ஓயாமல் பேசினார்.

"தொரை சொன்னாரு மச்சான். பாறையில படம் எழுதி எத்தினி ஆயிரம் வருஷமோ, அவருக்கே தெரியலியாம். அந்த ஜனங்களுக்கு ஏர் தெரியாது, இரும்பு தெரியாது. ஊர்னு ஒண்ணு கிடையாதாம். மான் போற பக்கம் போவாங்க, தண்ணி வத்துனா வேற பக்கம் போவாங்க. மழைக்குப் பாறையாண்ட ஒதுங்குவாங்க. ஒதுங்குன நேரத்துல எழுதி வெச்சிட்டுப் போய்ட்டாங்க. ஊர் இல்லாதவன் நான் மட்டும் இல்ல மச்சான். எல்லாரும் அப்படித்தான் இருந்திருக்காங்க."

அன்றைக்கு ஒரு தோலில் கத்தி பட்டுக் கிழிந்திருந்தது. மேஸ்திரி பார்த்தால் என்ன செய்வது என்ற பேஜாரில், கோவிந்தசாமி ம்ம் கொட்டியதோடு சரி. அதற்கப்புறம் சம்பந்தம் அவனிடம் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

அப்படியானால் மலைக்காரி சொன்ன பத்துப் பேர் இவர்கள்தான். மாமனின் ஆட்கள். நாய் முன்னால் போக, அப்பன், அம்மா, அண்ணன்மார். அது சரி, 'அவ' யார்?

வரிசையின் கடைசி ஆளிடம் போனான். பாறையின் நிழல் முடிகிற ஓரத்தில், மேலிருந்து மழைத்தண்ணீர் வழிந்த தடத்துக்குப் பக்கத்தில் அவன் நின்றான். மற்றவர்கள் முன்னால் பார்த்துப் போக, இவன் மட்டும் பின்னால் திரும்பி, விட்டுப்போன யாரையோ கூப்பிடுவதுபோல் ஒரு கையை நீட்டியிருந்தான். அந்தக் கைக்குள் இன்னொரு கை. பளிச்சென்று, நேற்றுப் போட்டதுபோல் புது வெள்ளையில், ஒரு பெண்.

விரலால் தொட்டான். விரலில் ஒட்டியது. கிடங்குச் சுண்ணாம்பு. அந்த வாசனை அவனுக்குத் தெரியாதா?

எல்லாருக்கும் கால் ஒரு குச்சிக்கோடு. இவளுக்கு வலது கால் மட்டும் குச்சி. இடது காலை முழங்காலுக்குக் கீழே குண்டாக வரைந்து, உள்ளே நெருக்கமாகச் சுண்ணாம்பு தீற்றி நிரப்பியிருந்தது. உருவத்துக்கு அடியில் வழிந்து மங்கிய பழைய கோடுகள் தெரிந்தன. அதே பெண், அதே கால், ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ தடவை. முன்னால் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் மழைக்கும் அழியாமல் நிற்கிறார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கரைந்துபோயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வெற்றிலை போடாத மனிதர் டப்பியை நிரப்பிக்கொண்டு வந்து திரும்ப எழுதியிருக்கிறார்.

காலையிலிருந்து வராத அழுகை கோவிந்தசாமிக்கு அங்கே வந்தது. யாருமில்லாத இடம், சத்தமாகவே அழுதான்.

இறங்கும்போது வேறு குழப்பம் பிடித்துக்கொண்டது. இதை அக்காளிடம் சொல்லலாமா? முப்பது வருஷமாகப் புடவைக்குள் ஒளித்து வைத்த காலை, கட்டின புருஷன் ஊருக்கு மேலே பாறையில் எழுதி வைத்திருக்கிறான் என்றால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமா, அவமானமாக இருக்குமா? வேறொருத்தி இருந்தாள், ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டால் ஒரு வசவோடு முடிந்துபோகும். உண்மையைச் சொல்லி அவள் மனம் உடைந்தால் யார் தேற்றுவது? புளியமரம் வந்தது. தெரு வந்தது. அதுவரையிலும் அவன் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கூட்டம் அவன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தது.

"பையன்?" என்றார் நாட்டாண்மை.

"பையன் இல்ல. ஆரும் இல்ல. நானே சட்டி தூக்கறேன்."

"மச்சான் தூக்கறது வழக்கம் இல்லியே." அவர் அப்துல் வஹீதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மழை இறங்கும்போல் இருந்தது. "சரி, தூக்கு. வேற இன்னா பண்றது."

உள்ளே கங்கம்மாள் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் வாய்க்கரிசித் தட்டோடு காத்திருந்தாள். கோவிந்தசாமி அக்காளை ஒட்டி உட்கார்ந்தான்.

"வரமாட்டேன்னுட்டாளா?"

"இல்ல."

"பார்த்தியா அவள?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கா?"

ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அக்காளின் முகத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

"ஆளு இல்லக்கா, படம். பாறையில அந்தக் காலத்து ஜனங்க எழுதின படம் இருக்குது. வரிசையா நடந்து போறாங்க. அவுங்க பின்னால மாமா ஒரு பொம்பளைய எழுதி வெச்சிருக்குது. சுண்ணாம்புல." விரலை நீட்டிக் காட்டினான். நகக்கண்ணில் வெள்ளை இன்னும் இருந்தது. "மழைக்கு அழிஞ்சி போய்டுது போல. திரும்பத் திரும்பப் போய் எழுதியிருக்குது."

"ஆரு அவ?"

பூவம்மாள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எடது காலு பெருசுக்கா."

கங்கம்மாள் டப்பியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். வெளியே மேளக்காரன் தோலைச் சூடு காட்டும் வாசனை வந்தது.

"எங்க நிக்கிறா?" என்று கேட்டாள்.

"கடைசியில. முன்னால போறவன் கையப் புடிச்சிக்கினு."

"அவ்ளோ தூரம் நான் எப்படி ஏறுவேன்?" என்றாள் கங்கம்மாள். அது அவனைப் பார்த்துக் கேட்டது அல்ல.

நேரமாகிறது என்று நாட்டாண்மை வாசலிலிருந்து குரல் கொடுத்தார். டப்பியைச் செத்தவர் இடுப்பிலேயே செருகிவிடலாமா என்று பூவம்மாள் கேட்டாள். கங்கம்மாள் வேண்டாம் என்று தலையசைத்து அதைத் தம்பியின் கையில் வைத்தாள். அவன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

பிறகு அவள் அரிசித் தட்டை இழுத்துக்கொண்டாள். குனிந்து போட வசதியாக இடது காலை மெல்ல மடக்கிலிருந்து எடுத்து முன்னால் நீட்டினாள். புடவை முழங்கால்வரை ஒதுங்கியது. பூவம்மாள் பதறி அதை இழுத்து மூடக் கையை நீட்டினாள். கங்கம்மாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு அரிசியை அள்ளினாள். வாசல் வெளிச்சத்தில், துணியால் சேர்த்துக் கட்டிய அவர் கால்களுக்குப் பக்கத்தில் அந்தக் கால் அப்படியே கிடந்தது.